முயலும் முப்பத்தொரு நாளும்

கணிதப் புத்தகத்திலே வாழும் முயல்களுக்கு நோயில்லை, மூப்பில்லை, மரணமும் இல்லை. 1202ஆம் ஆண்டிலே இத்தாலி நாட்டுப் பீசா நகரத்து லெயொனார்தோ என்பார் (பிபொனாச்சி எனப் பிற்காலத்தார் வழங்குவது இவரையே) தாம் எழுதிய 'லீபர் அபாச்சி' என்னும் நூலில் ஒரு வினா எழுப்பினார். நாற்புறமும் மதில் சூழ்ந்த ஓரிடத்தில் ஒரு சோடி முயலை விடுகின்றோம். ஒவ்வொரு சோடியும் மாதந்தோறும் ஒரு சோடியை ஈனும். பிறந்த சோடி தன் இரண்டாம் மாதத்திலே தானும் ஈனத் தொடங்கும். ஓராண்டு முடிவில் மதிலுக்குள்ளே எத்தனை சோடிகள் இருக்கும்? 377 என்பது விடை. 1, 2, 3, 5, 8, 13 என்று, ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள இரண்டின் கூட்டுத்தொகையாய் அமையும் அத்தொடரைக் கணிதம் கற்ற மாணவர் அனைவரும் அறிவர். அதே தொடரை லெயொனார்தோவுக்கு அரை நூற்றாண்டு முன்னரே, ஏறத்தாழ 1150இல், குசராத்து நாட்டுச் சமண அறிஞர் ஹேமசந்திரர் கண்டிருந்தார். ஒரு மாத்திரை அசையும் இரு மாத்திரை அசையும் கலந்து எத்தனை வகையாக ஓரடியை அமைக்கலாம் என்று எண்ணியபோது அவருக்கு அது அகப்பட்டது. யாப்பிலக்கணத்திலே பிறந்த எண்கள் முயற்குட்டிகளின் பெயரால் உலகறிந்தமை ஒரு வேடிக்கைதான்.

இக்கணக்கை வகுப்பறையிலே கரும்பலகையில் எழுதிய கையாலேயே மாலையில் வளவிலுள்ள முயல்களுக்குப் புல் அறுத்துப் போட்டவன் நான். ஆதலின் கரும்பலகை முயலையும் கூட்டு முயலையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டுவிட்டது. ஈற்றுக்கு ஒரு சோடியென்பது பொருந்தாது. நடுத்தர உடலுள்ள பெண் முயல் ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகளைப் போடும். பத்தைத் தாண்டுவதும் உண்டு. இரண்டாம் மாதத்தில் ஈனுமென்பதும் பொருந்தாது. நான்கரை அல்லது ஐந்து மாதம் நிரம்பாத பெண்ணை ஆணுடன் சேர்த்தல் கொடுமை. ஆனால் 'மாதம்' என்ற ஒரு சொல்லில் மட்டும் பீசா நகரத்தார் குறி தவறவில்லை. வீட்டு முயலின் சினைக்காலம் 31 நாள். குட்டிகள் மிகுந்தால் ஒரு நாள் முந்தும்; ஒன்றிரண்டே இருந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ பிந்தும். வேறு எத்தனையோ விடயங்களில் நம்பத்தகாத இப்பிராணி நாட்கணக்கில் மாத்திரம் நாணயம் தவறாதது.

லெயொனார்தோவின் முயல்கள் எவர் தயவுமின்றித் தாமே ஈனுகின்றன. கூட்டு முயலோ, ஆணினது கூட்டுக்கு அதனை நாம் தூக்கிச் சென்ற நாளிலிருந்து எண்ணி ஈனுகின்றது. நாளைக் குறிப்பவன் வளர்ப்பவன். அக்குறிப்பின் பின்னே எத்தனை உயிர்களின் நலம் தொங்குகின்றது என்பதை முயல் வளர்க்கப் புகுவோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை என்பது என் கருத்து.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. நம் செய்யுள்களிலும் பழமொழிகளிலும் ஓடித் திரியும் முயல் வேறு. கூட்டில் வளர்க்கும் முயல் வேறு. மதியிலே கறையாய் நிற்பதாக நம் முன்னோர் கண்டதும், வள்ளுவர் படைச்செருக்கிலே யானைக்கு எதிரே நிறுத்திக் காட்டியதும் காட்டு முயல். இலங்கையின் பற்றைக் காடுகளில் இயற்கையாய் வாழ்வதும் அவ்வினமே. அது வளை தோண்டாது. புற்களிடையே பதுங்குமிடத்திலே ஈனும். அதன் குட்டி மயிர் போர்த்துக் கண் விழித்துப் பிறக்கும். கூட்டில் வளர்ப்பது குழிமுயல். வளைக்குள்ளே ஈனும் வழக்கமுடையதாகையால் அதன் குட்டி வெற்றுடம்பாய், கண்ணும் காதும் மூடியபடி, ஒரு விரலளவாய்ப் பிறக்கின்றது. இவ்விரண்டும் கூடி இனம் பெருக்குவதில்லை.

குழிமுயலின் தாயகம் இசுப்பானியாவும் போர்த்துக்கலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பமும் அதனை அடுத்த தென் பிரான்சுமாகும். கி.மு. முதல் நூற்றாண்டினரான வார்ரோ, உரோமச் செல்வர் மதில் கட்டி முயல் அடைத்த தோட்டங்களைப் பற்றி எழுதினார். பலியாரிக்குத் தீவுகளில் முயல் பெருகி விளைவை அழித்தபோது, தீவார் ஓகுஸ்தஸ் மன்னனிடம் படையுதவி கேட்டனர் என்று மூத்த பிளினி குறித்தார். பின்னர், 600ஆம் ஆண்டளவிலே பாப்பரசர் கிறகோரியார் முயற்குட்டியை இறைச்சியன்று என விலக்கியதால் துறவிகள் நோன்புக் காலத்துக்காக முயல் வளர்க்கத் தொடங்கினர் என்றொரு கதை நூலுக்கு நூல் படியெடுக்கப்பட்டு வந்தது. 2018இல் ஆய்வாளர் சிலர் மூலங்களைத் தேடிச் சென்றபோது அப்படியோர் ஆணையே இல்லையென்பது தெரியவந்தது. தூர்ஸ் நகரத்துக் கிறகோரியார் ஒருவன் நோன்புக் காலத்தில் முயற்குட்டி தின்றான் என எழுதி வைத்ததை எவரோ பாப்பரசர் மேல் ஏற்றிவிட்டனர். பெயரொப்புமை செய்த வேலை இது. நம் இலக்கிய வரலாற்றிலும் இதுபோன்றவை உண்டல்லவா?

இனி விடயத்துக்கு வருவோம். பசு, ஆடு, பன்றி முதலியவற்றிலே சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுதல் உடலின் சொந்தச் சுழற்சியால் நிகழ்வது. இத்தனை நாளுக்கு ஒருமுறை வேட்கை வரும். வந்த நாளைக் கண்டறிந்து காளைக்கு விடவேண்டும். தவறினால் அடுத்த சுழற்சி வரை காத்திருக்க வேண்டும். பெண் முயலின் சூலகம் அவ்வாறன்று. முதிர்ந்த சூல்கள் அங்கே அணியமாய்க் காத்திருக்கும். ஆணுடன் கூடும் செயலே மூளையைத் தூண்டுகின்றது. மூளை கபச்சுரப்பியைத் தூண்டுகின்றது. அதன் ஓமோன் இரத்தத்திலே பரவிச் சூலகத்தை அடைகின்றது. கூடிய நேரத்திலிருந்து ஏறத்தாழப் பத்து மணி நேரம் கழித்து முட்டைகள் வெளிப்படுகின்றன. பூனையும் ஒட்டகமும் இவ்வகையினவே. எனினும் பூனையைக் கட்டி வைத்து நாட் பார்ப்பவர் யார்?

இவ்வுண்மை மெல்ல மெல்லவே துலங்கியது. ஒல்லாந்து நாட்டு மருத்துவர் றெனியே டி கிறாஃப், கூடிய பின்னர் வெவ்வேறு மணி நேரங்களில் பெண் முயல்களை அறுத்துப் பார்த்து, மூன்றாம் நாளிலே மிகச் சிறிய முட்டைகளைக் கண்டார். 1672இல் வெளிவந்த அவருடைய நூல் அதைக் கூறுகின்றது. கூடலே முட்டையை வெளிப்படுத்துகின்றது என்பதை மணிக்கணக்குடன் 1905இல் நிறுவியவர் இங்கிலாந்தின் வால்ற்றர் ஹீப். அவரே 1890 ஏப்பிரில் 27ஆம் நாள், அங்கோரா முயலின் கருமுட்டைகள் இரண்டை எடுத்து, பெல்சிய வகைப் பெண் முயலொன்றின் உடலிலே வைத்தார். அது ஈன்ற ஆறு குட்டிகளில் நான்கு தாயைப் போலவும் இரண்டு அங்கோராவாகவும் இருந்தன. ஒரு தாயின் கருவை இன்னொரு தாய் சுமந்து பெற்றதாக விஞ்ஞானம் பதிவு செய்த முதல் நிகழ்ச்சி அது. 1959இலே சாங் என்னும் சீன அறிஞர் அமெரிக்காவில் முயலின் முட்டையை உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்தில் கருவாக்கி, உயிருள்ள குட்டிகள் பிறக்கக் கண்டார். இன்று குழந்தையில்லாத் தம்பதியர் நாடிச் செல்லும் சிகிச்சையின் வேர் முயற்கூட்டில் இருக்கின்றது. மணியும் நாளும் தெளிவாகத் தெரிந்த விலங்கு முயல் என்பதே அதற்குக் காரணம்.

காத்திருக்கும் அச்சூலகத்துக்கு இன்னொரு பயனும் ஏற்பட்டது. 1931இலே ஃபிறீட்மன் என்னும் அமெரிக்கர், பெண்ணொருத்தி கருவுற்றிருக்கின்றாளா என்று அறிய, அவளுடைய சிறுநீரைத் தனித்து வளர்த்த பெண் முயலின் காது நரம்பிலே ஏற்றி, இரண்டு நாள் கழித்து அதன் சூலகத்தைப் பார்க்கும் முறையை வகுத்தார். ஆணைக் காணாத முயலின் சூலகம் தானே வெடிப்பதில்லையாதலால், வெடித்திருந்தால் அது அச்சிறுநீரிலிருந்த ஓமோனின் வேலை. 'முயல் இறந்தது' என்றால் 'அவள் கருவுற்றாள்' என்று அமெரிக்க மக்கள் பேசிக்கொண்டனர். உண்மை யாதெனில், விடை எதுவாயினும் முயல் இறந்தது. சூலகத்தைப் பார்ப்பதற்காக அதனை அறுத்தேயாக வேண்டியிருந்தது. எத்தனை வீடுகளின் மகிழ்ச்சிச் செய்தி இப்படிப் பெறப்பட்டது!

கூட்டருகே வருவோம். பெண் முயல் எந்நாளும் ஆணை ஏற்குமென்பது ஒரு தவறான எண்ணம். அதன் இசைவு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஏறியும் இறங்கியும் வரும். பிறப்புறுப்பின் நிறம் அதைக் காட்டும்: வெளிறியிருந்தால் இசைவில்லை, செம்மையாகவோ சற்றே ஊதாவாகவோ இருந்தால் இசைவுண்டு. பெண்ணைத்தான் ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பெண் தன் கூட்டைத் தன் நாடாக எண்ணுவது. உள்ளே விடப்பட்ட ஆணைக் கடித்துக் குதறிவிடும். வெயில் தணிந்த மாலையோ விடியற்காலையோ ஏற்றது. கூடல் நிறைவேறினால் ஆண் ஒரு சத்தமிட்டுப் பக்கவாட்டில் விழும். அவ்வளவே, சில விநாடிகள். பெண்ணை எடுத்துத் திரும்பக் கொண்டுவந்து, நாளைக் கூட்டின் பலகையில் எழுதிவிட வேண்டும். மனத்தில் வைத்திருப்பேன் என்பவரை நான் நம்புவதில்லை.

பன்னிரண்டாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே, பழகிய கை வயிற்றை மெல்லத் தடவினால், முந்திரிகைப் பழம் போன்ற உருண்டைகள் விரலிடையே வழுகும். அழுத்தினால் கெடுதி. அவை இல்லையாயின் மீண்டும் ஆணிடம் கொண்டுபோகலாம். சில வேளை பெண் பதினேழாம் நாளளவிலே தன் மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டத் தொடங்கும். வளர்ப்பவர், கணக்குப் பிழைத்ததோ என்று திகைப்பர். அது பொய்ச்சினை. கருவாகாத கூடலாலோ, இன்னொரு பெண் முயல் மேலேறியதாலோகூடச் சூலகம் வெடித்துவிடும். குட்டியில்லாமலே உடல் தாய்மைக்கு ஆயத்தமாகும். பதினாறு பதினெட்டு நாளில் அம்மயக்கம் தெளியும். வளர்ந்த பெண்களை ஒரே கூட்டில் அடைக்கலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருபத்தெட்டாம் நாள், வைக்கோல் பரப்பிய பெட்டியொன்றைக் கூட்டில் வைக்க வேண்டும். முந்தி வைத்தால் அதனை அசுத்தமாக்கிவிடும். பிந்தினால் குட்டிகள் கம்பி வலையில் விழுந்து குளிரில் விறைக்கும். இந்த ஒரு நாளைத் தவறவிட்டவர் வீட்டில் விடியற்காலையில் காணும் காட்சியை விவரிக்க எனக்கு மனமில்லை. முயல் பெரும்பாலும் இரவிலோ வைகறையிலோ ஈனும். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். தன் வயிற்று மயிரைப் பிடுங்கி அது குட்டிகளை மூடி வைக்கும் அழகைப் பார்க்க வேண்டும். அப்பஞ்சுக் குவியல் மெல்ல ஏறி இறங்குவதைக் கொண்டே உள்ளே உயிர் இருப்பதை அறிவோம். நம் வெயில் காலத்திலே அம்மயிரில் ஒரு பகுதியை எடுத்துவிடுதல் நன்று.

ஈன்ற பின் தாய் குட்டிகளைத் திரும்பிப் பாராமல் மூலையில் இருப்பது கண்டு, 'இதற்குப் பாசமில்லை' என்று பழிப்போர் உளர். முயற்றாய் நாளுக்கு ஒருமுறைதான் பால் கொடுக்கும். அதுவும் மூன்று நான்கு நிமிடமே. வளைக்குள் அடிக்கடி போய் வந்தால் நரிக்கும் கீரிக்கும் வழி காட்டியதாகும் என்ற பழைய அச்சம் கூட்டிலும் அதனை விட்டு நீங்கவில்லை போலும். பசுப்பாலினும் மூன்று மடங்கு கொழுப்புள்ள பால் அது. கண்ணும் காதும் மூடிய குட்டி அந்த மூன்று நிமிடத்துக்குள்ளே காம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வழிகாட்டுவது தாயின் பாலிலுள்ள ஒரு மணப்பொருள் என்று 2003இலே பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஒரு நாள் பால் தவறிய குட்டி மெலியும். இரண்டு நாள் தவறினால் பிழைத்தல் அரிது.

ஆகவேதான் இரண்டு பெண் முயல்களை ஒரே நாளில் ஆணுடன் சேர்த்தல் வேண்டும் என்று அனுபவசாலிகள் கூறுவர். தாய்க்குப் பெரும்பாலும் எட்டுக் காம்புகளே உண்டு. என் கூட்டிலே ஒருமுறை ஒன்று பதினொரு குட்டியும் மற்றது மூன்று குட்டியும் அடுத்தடுத்த இரவுகளில் ஈன்றன. பதினொன்றில் நான்கை எடுத்து, மற்றத் தாயின் மயிரால் நன்றாகப் பொதிந்து, அதன் பெட்டியில் வைத்தேன். மறுநாட் காலையில் ஏழு வயிறுகளும் பறை போல் உப்பியிருந்தன. முதல் இரண்டு மூன்று நாளுக்குள் இதனைச் செய்தல் வேண்டும். வாரம் கடந்தால், வயதில் மூத்த குட்டிகளிடையே இளையவை நசுங்கும்.

நாளறியும் வல்லமை நமக்கு மட்டும் உரியதென எண்ணிச் செருக்க வேண்டாம். ஐரோப்பியக் குழிமுயலின் காதிலே ஒட்டி வாழும் தெள்ளு ஒன்றுண்டு. மிரியம் றொத்ஸ்சைல்ட் அம்மையார் தம் துணைவர் ஃபோர்ட் என்பாருடன் 1964இல் வெளியிட்ட ஆய்வு அதன் வாழ்வை விளக்கியது. அத்தெள்ளின் சூல் தானே முதிர்வதில்லை. சினை முயலின் கடைசிப் பத்து நாள்களில், அதன் இரத்தத்திலே ஊறும் ஓமோன்களைக் குடித்த பின்னரே முதிரும். குட்டிகள் பிறந்த சில மணி நேரத்துள் தெள்ளுகள் தாயின் காதை விட்டிறங்கிக் குட்டிகள் மேற் பாய்ந்து, அங்கே கூடி, அங்கே முட்டையிடும். தாயின் இரத்தத்தையே பஞ்சாங்கமாய் வைத்திருக்கும் பூச்சி!

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, அடுத்த ஈற்று எப்போது என்பது. ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் முயல் மீண்டும் ஆணை ஏற்கும். ஏற்கின்றது என்பதற்காகச் சேர்த்தால், 31 நாளுக்கு ஒருமுறை, ஆண்டிலே பதினொரு ஈற்று வரை கணக்குப் போடலாம். ஐரோப்பியப் பெரும் பண்ணைகளிலே, ஈன்ற பதினோராம் நாளில் ஊசி மருந்தால் சூலகத்தைத் தூண்டிச் செயற்கை முறையிற் கருவுறச் செய்வதும், 42 நாளுக்கு ஒருமுறை கூடம் முழுவதும் ஒரே வாரத்தில் ஈனச் செய்வதும் பெருவழக்கு. வேலை ஒழுங்காகும், சந்தைக்கும் வசதி. ஆனால் வயிற்றில் ஒரு கூட்டத்தைச் சுமந்துகொண்டே மார்பில் இன்னொரு கூட்டத்துக்குப் பால் ஊட்டும் தாய், தின்னும் தீனியால் இரண்டையும் ஈடுசெய்ய இயலாமல், தன் உடற்கொழுப்பையே கரைத்துக் கொடுக்கின்றது. அத்தகைய கூடங்களில் ஓராண்டுக்குள்ளே பெரும்பாலான தாய்கள் இறந்தோ கழிக்கப்பட்டோ போய்ப் புதியவை வருகின்றன.

காட்டிலே வாழும் குழிமுயல் இப்படி ஒடுக்கப்படும்போது தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும். 1940களில் வேல்ஸ் நாட்டிலே பிறம்பெல் என்னும் பேராசிரியர் ஆராய்ந்தபோது, கருவான ஈற்றுகளிற் பெரும்பங்கு பிறவாமலே போவதையும், கருச் சிதைந்து வெளியே விழாமல் தாயின் உடலினுள்ளேயே கரைந்து மறைவதையும் கண்டார். ஆணைச் சேர்க்கும் நாளை நாம் குறிக்கலாம். 'இப்போது இயலாது' என்று மறுக்கும் உரிமை அவ்வுடலில் எஞ்சியிருக்கின்றது. பன்னிரண்டாம் நாளில் விரலுக்குத் தென்பட்ட உருண்டைகள் இருபதாம் நாளில் இல்லையென்றால், தாயைக் குறைகூறுமுன் அதன் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தல் வேண்டும்.

ஆறு வாரம் பால் குடித்தபின் குட்டிகளைப் பிரித்து, தாய்க்கு ஒரு வாரம் ஓய்வளித்து, அதன்பின் சேர்த்தால், ஓர் ஈற்றிலிருந்து மறு ஈற்றுக்கு எண்பது நாள். ஆண்டுக்கு நான்கு ஈற்று. பேராசைக்காரர் இதனைச் சோம்பல் என்பர். நான் நான்கையும் கொள்வதில்லை. இரண்டே என் கணக்கு. தாய்க்கு இரங்கி மட்டும் அப்படிச் செய்கின்றேன் என்று சொல்வது முழு உண்மையாகாது. நம் வெயிலும் அதில் ஒரு பங்காளி. ஐரோப்பாவிலே முயலின் இசைவை ஆட்டிவைப்பது பகலின் நீளம். குளிர்காலத்துக் குறும்பகலில் அது மங்கும். விளக்கேற்றிப் பதினாறு மணிப் பகல் செய்து கொடுப்பர். பகலும் இரவும் ஏறத்தாழச் சமமான நம் நாட்டில் ஆட்டிவைப்பது வெப்பம். 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெயில் நாட்கணக்கில் நீடித்தால் ஆண் முயலின் விந்து வலுவிழக்கும். புதிய விந்து முதிர்ந்து வர ஏறத்தாழ இரண்டு மாதமாகும். சித்திரை வைகாசியிற் சேர்த்துவிட்டு, 'மலட்டுப் பெண்' என்று விற்றுவிடுவோரைக் கண்டிருக்கின்றேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரிடம் இதனை எடுத்துரைப்பது எளிதன்று.

யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஏற்ப நான் எழுதி வைத்திருக்கும் ஒழுங்கு இது. தைப்பொங்கல் கழிந்த மறுநாள், சனவரி 15ஆம் நாளளவில், பெண் முயல்கள் இரண்டை ஒரே மாலையில் ஆணிடம் கொண்டுபோவேன். சனவரி 28இல் வயிறு தடவல். பெப்ரவரி 12இல் பெட்டி. பெப்ரவரி 15இன் விடியலில் குட்டிகளை எண்ணிப் பங்கிடல். பெப்ரவரி 25, 26இல் கண் திறக்கும். மார்ச்சு கடைசி வாரத்திலே குட்டிகள் தாயை விட்டுப் பிரியும். பங்குனி வெயில் அப்போது ஏறத் தொடங்கியிருக்கும். அதன்பின் ஆணின் கூட்டை வேப்பமர நிழலுக்கு மாற்றி, நனைத்த சாக்கைக் கூரை மேல் விரித்து, ஐப்பசி மழை விழும் வரை பலகையில் எந்த நாளையும் எழுதாமல் விடுவேன்.